1911 கோப்பையின் தடத்தில்: ஃபிளாண்டர்ஸ் முதல் பிராட்ஃபோர்ட் வரை

செவ்வாய், ஈப்பர்

பழைய கால்பந்து வீரர் ஜிம்மி ஸ்பியர்ஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் இடத்துக்கு டாகி ஃபார்ம் என்று பெயர். பெல்ஜியத்தில், ஈப்பர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அரண் அமைத்து வைத்திருந்த ஒரு பண்ணை அது. 1917 அக்டோபரில் நியூசிலாந்துப் படையினர் அதைக் கைப்பற்றினார்கள். போர் முடிந்த பிறகு, சுற்றியிருந்த வயல்களில் ஆங்காங்கே புதைந்து கிடந்தவர்களை எடுத்து வந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஈப்பர் வந்து, வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேடு பள்ளம் அதிகம் இல்லாத சாலை. இரண்டு பக்கமும் உழுது போட்ட நிலம், நடுநடுவே மாட்டுத் தொழுவங்கள். எதிர்க்காற்றுதான் கொஞ்சம் சிரமப்படுத்தியது.

ஏன் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிராட்ஃபோர்ட் சிட்டி என்றொரு கால்பந்துக் கழகம் இருக்கிறது. 1910-11 சீசனில் அது லீக்கின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் ஐந்தாம் இடம் பிடித்தது, தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. லீக்கில் அதைவிட மேலே அந்தக் கழகம் இதுவரை போனதில்லை, வேறு பெரிய கோப்பை எதுவும் வென்றதுமில்லை. அந்த ஒரு சீசன் நடந்த இடங்களையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோப்பையை வாங்கித் தந்த ஒரே கோலை அடித்தவர் ஸ்பியர்ஸ். கேப்டனும் அவர்தான். அவரைப் பார்க்காமல் மற்ற இடங்களுக்குப் போக மனம் வரவில்லை.

கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் 1886இல் பிறந்தவர். ரேஞ்சர்ஸ், கிளைட் ஆகிய கழகங்களில் ஆடிவிட்டு 1909இல் பிராட்ஃபோர்டுக்கு வந்தார். ஸ்காட்லாந்து நாட்டு அணிக்காக ஒரே ஒரு ஆட்டம். 1912 கடைசியில் லீட்ஸ் சிட்டி அவரை 1,400 பவுண்டுக்கு வாங்கியது. அன்றைக்கு அது பெரிய தொகை. வாங்கிய மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் உச்சத்துக்குக் கொண்டுபோனாரே, அதே சாப்மன். 1915இல் லீக் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டதும் ஸ்பியர்ஸ் கேமரன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்துவிட்டார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். சார்ஜென்ட் ஆனார், வீரத்துக்காக மிலிட்டரி மெடல் பெற்றார், 1917 ஆகஸ்ட் 20 அன்று பாஷன்டேல் சண்டையில் இறந்தார். வயது 31.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் 1,400க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே தெரியாது. 'போரில் மாண்ட ஒரு வீரர்' என்ற அளவில்தான் கல்லில் இருக்கிறது. ஸ்பியர்ஸின் கல்லில் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, பதக்கம் இருக்கிறது. கோப்பையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ராணுவத்தின் கணக்கில் கோலுக்கு இடமில்லை, சரிதான். ஆனாலும் கல்லுக்கு முன்னால் கருஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த கம்பளி மஃப்ளர் ஒன்றை யாரோ மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் நனைந்து காய்ந்து நிறம் மங்கியிருந்தது. பிராட்ஃபோர்டிலிருந்து ஆள் வந்து போகிறார்கள் என்று தெரிந்ததும் மனம் நிறைந்துவிட்டது.

இரவு எட்டு மணிக்கு, போர் நினைவுச் சின்னமான மெனின் கேட் வளைவின் கீழே, இறந்த வீரர்களுக்கு அஞ்சலியாக 'லாஸ்ட் போஸ்ட்' ஊதுவதைக் கேட்டுவிட்டு அறைக்கு வந்தேன். அந்தச் சுவர்களில் இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நாளை லண்டன்.

புதன், லண்டன்

கிரிஸ்டல் பேலஸ் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் பூங்கா. 1895 முதல் 1914 வரை எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டங்கள் அத்தனையும் இங்கேதான் நடந்தன. அப்போது மேட்டின் மேல் அந்தப் பிரம்மாண்டமான கண்ணாடி மாளிகை நின்றது. 1936இல் எரிந்துபோனது. மைதானம் இருந்த பள்ளத்தில் இப்போது தேசிய விளையாட்டு மையம் இருக்கிறது. ஓடுதளத்தில் பள்ளிப் பிள்ளைகள் தடை தாண்டி ஓடப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

நான் நெடுநேரம் சரிவில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அன்றைய கூட்டத்தில் பெரும்பகுதி சரிவில்தான் நின்றது. இயற்கையாக அமைந்த பள்ளம், அதைச் சுற்றிப் புல்மேடு. 1901இல் டாட்டன்ஹாம் ஆடியபோது 1,10,000 பேருக்கு மேல் வந்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பந்து தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். வடக்கே இருந்து வருபவர்களுக்கு இது ஒரு நாள் லண்டன் உல்லாசம்: விடியற்காலை ரயிலில் வந்து, ஊர் சுற்றி, ஆட்டம் பார்த்து, இரவு ரயிலில் திரும்பி, திங்கள்கிழமை ஆலைக்குப் போய்விடுவார்கள்.

1911 ஏப்ரல் 22, சனிக்கிழமை. எதிரணி நியூகாசில் யுனைடெட். அந்தப் பெயருக்கு அப்போது இருந்த மரியாதையைச் சொல்லியாக வேண்டும். 1905, 1907, 1909 மூன்று ஆண்டுகளிலும் லீக் சாம்பியன். 1905 முதல் 1911 வரை ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை கோப்பை இறுதிக்கு வந்தது. நடப்புக் கோப்பைச் சாம்பியனும் அதுவே. அப்படிப்பட்ட அணிக்கு இந்த மைதானத்தில் மட்டும் ராசியே இல்லை. 1905, 1906, 1908 மூன்று இறுதிகளிலும் இங்கே தோற்றது. 1910இல் இங்கே பார்ன்ஸ்லியுடன் டிரா செய்து, லிவர்பூலில் எவர்டன் கழகத்தின் மைதானத்தில் நடந்த மறு ஆட்டத்தில்தான் வென்றது. அந்த மறு ஆட்டத்தில் இரண்டு கோலையும் அடித்தவர் ஆல்பர்ட் ஷெப்பர்ட். 1911 இறுதியில் அவர் காயத்தால் ஆடவில்லை. பிராட்ஃபோர்டின் வெற்றியைக் குறைத்துப் பேசுபவர்கள் முதலில் எடுத்துப் போடுவது இதைத்தான்.

பிராட்ஃபோர்டு பக்கமும் ஒரு முக்கியமான ஆள் இல்லை. டிக்கி பாண்ட், இங்கிலாந்து அணிக்கே ஆடிய வலது விங்கர். ஆர்சனல் மைதானத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசினார் என்று தடை செய்யப்பட்டிருந்தார். அவர் இடத்தில் பீட்டர் லோகன் ஆடினார். ஆக, இரண்டு பக்கமும் இழப்பு உண்டு.

ஆட்டம் 0-0. சுமார் 69,000 பேர் பார்த்தார்கள். பேர் சொல்லும்படியான ஆட்டமே இல்லை. பெனால்டி ஷூட் அவுட் எல்லாம் அப்போது கிடையாது. மறு ஆட்டம் புதன்கிழமை, மான்செஸ்டரில்.

பூங்காவின் கீழ்ப்பகுதியில் 1854இல் வைத்த டைனோசர் சிலைகள் இன்னும் இருக்கின்றன. அந்த சனிக்கிழமை பிராட்ஃபோர்டுக்காரர்கள் எத்தனையோ பேர் இவற்றையும் சுற்றிப் பார்த்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டவற்றில் இன்றைக்கும் அப்படியே நிற்பவை இந்தச் சிலைகள்தான்.

வியாழன், மான்செஸ்டர்

யூஸ்டனில் காலை ரயில். நேராக ஓல்ட் டிராஃபோர்டு.

1911இல் இந்த மைதானத்துக்கு வயது ஒன்றுதான். 1910 பிப்ரவரியில் திறந்தது. வடிவமைத்தவர் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிராட்ஃபோர்டிலும் வருவார். 1941இல் குண்டு விழுந்து கேலரிகள் நாசமாயின. இன்று நாம் பார்ப்பது அதன்பின் எழுப்பிக் கூட்டிக்கொண்டே போனது. 1910ஐச் சேர்ந்தது ஒன்றே ஒன்று மிச்சம்: வீரர்கள் வெளிவரும் பழைய சுரங்கவழி. சுற்றிக்காட்டும் வழிகாட்டி அங்கே நிறுத்தி மான்செஸ்டர் யுனைடெட்டின் பெரிய பெயர்களையெல்லாம் சொன்னார். எனக்கோ அந்த வழியே 1911 ஏப்ரல் 26 அன்று நடந்து வந்த பதினொரு பேர்தான் மனதில் ஓடினார்கள். மெல்லர்ஸ் கோல்கீப்பர். கேம்ப்பெல், டெய்லர் தடுப்பு. ராபின்சன், டோரன்ஸ், மெக்டொனால்ட் நடுவே. முன்னால் லோகன், ஸ்பியர்ஸ், ஃபிராங்க் ஒ'ரூர்க், டெவைன், தாம்ப்சன். இவர்களில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

முதல் ஆட்டத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு மாற்றம். நடுவில் கில்டேக்குப் பதிலாக பாப் டோரன்ஸ் வந்தார். அன்றைய ஆட்டத்தின் நாயகன் அவர்தான் என்று அன்றே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கோல் 15ஆம் நிமிடத்தில். ஸ்பியர்ஸ் தலையால் முட்டிய பந்து வேகமாகக்கூடப் போகவில்லை. நியூகாசில் கோல்கீப்பர் லாரன்ஸை ஃபிராங்க் ஒ'ரூர்க் மறித்துத் தடுமாற வைத்த நேரத்தில் உள்ளே போய்விட்டது. அழகான கோல் என்று யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு 75 நிமிடம். இங்கேதான் டோரன்ஸும் மற்ற தடுப்பாளர்களும் வருகிறார்கள். நியூகாசில் எத்தனை முறை வந்து மோதியும் ஒன்றும் ஆகவில்லை. 1-0.

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பிராட்ஃபோர்டு அதிர்ஷ்டத்தில் வென்றது என்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. அந்தக் கோப்பைப் பயணம் முழுவதையும் பாருங்கள். முதல் சுற்றில் நியூ பிராம்ப்டன் ஊருக்குப் போய் 1-0. நார்விச்சுடன் 2-1. கிரிம்ஸ்பியுடன் 1-0. பர்ன்லியுடன் 1-0. அரையிறுதியில் பிளாக்பர்னுடன் 3-0. பிறகு இறுதியின் இரண்டு ஆட்டங்கள். ஏழு ஆட்டங்களில் விட்டது ஒரே ஒரு கோல். தெரிந்தே, திட்டமிட்டே ஒரு கோல் அடித்துவிட்டுக் கதவைச் சாத்தும் அணி அது. கதவு சாத்துவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும்.

மறு ஆட்டத்தை 58,000 பேர் பார்த்தார்கள். வேலை நாள் புதன்கிழமை! மூன்று நாள் கழித்து இதே புல்லில் மான்செஸ்டர் யுனைடெட் சண்டர்லாந்தை 5-1 என்று அடித்து லீக் பட்டத்தைப் பிடித்தது. ஒரே வாரத்தில், ஒரே மைதானத்தில், நாட்டின் இரண்டு பெரிய பட்டங்களும் முடிவாகியிருக்கின்றன.

டோரன்ஸைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். அவரும் போருக்குப் போனார், 1918 ஏப்ரலில் பிரான்சில் கொல்லப்பட்டார். கோல் அடித்தவரும் இல்லை, அதைக் காப்பாற்றிக் கொடுத்தவரும் இல்லை.

மாலையில் விக்டோரியா நிலையத்திலிருந்து பிராட்ஃபோர்டுக்கு ரயில். கால்டர் பள்ளத்தாக்கு வழியாக டாட்மர்டன், ஹெப்டன் பிரிட்ஜ், ஹாலிஃபாக்ஸ். கருத்த கல் வீடுகள், கால்வாய், பழைய ஆலைகள். ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

வெள்ளி, பிராட்ஃபோர்ட்

இன்று முழுக்க நடை. எழுத நிறைய இருக்கிறது.

கோப்பையிலிருந்தே தொடங்குகிறேன். எஃப்.ஏ. கோப்பை என்றதும் நம் கண்ணுக்கு வரும் அந்த உயரமான வெள்ளிப் பாத்திரத்தின் வடிவம் 1911இல் பிறந்தது. அதற்கு முன் இருந்தது சின்னதாக, வேறு மாதிரி இருக்கும். 1909இல் மான்செஸ்டர் யுனைடெட் வென்றபோது அதைப் பார்த்து ஒரு நகல் செய்துவிட்டார்கள். வடிவத்துக்கு உரிமை பதிவு செய்யப்படவில்லை என்பது அப்போதுதான் கால்பந்துச் சங்கத்துக்கு உறைத்தது. பழையதைச் சங்கத் தலைவர் கின்னெர்ட் பிரபுவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு, 50 கினி (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) செலவில் புதிதாக ஒன்று செய்யச் சொன்னார்கள். செய்தவர்கள் ஃபட்டோரினி அண்ட் சன்ஸ், இதே பிராட்ஃபோர்ட் நகரத்து நகைக்கடைக்காரர்கள். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அந்தப் புதுக் கோப்பையை முதன்முதலில் வென்று தூக்கிய கேப்டன் ஸ்பியர்ஸ். ஊர்க்காரர்கள் செய்து அனுப்பியது அந்த வருடமே ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்படி ஒன்றைக் கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். நிஜத்தில் நடந்திருக்கிறது.

இப்படிப்பட்ட நகைக்கடையைத் தாங்கும் அளவுக்கு இந்த ஊரில் காசு இருந்தது. எல்லாம் கம்பளிக் காசு. கம்பளிச் சந்தைக் கட்டடமான வூல் எக்ஸ்சேஞ்ச் இப்போது புத்தகக் கடை. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் மரத்தாலான கூரையின் வேலைப்பாடு தேவாலயம் போல இருக்கிறது. இந்தத் தரையில் நின்றுதான் உலகத்துக் கம்பளிக்கு விலை பேசினார்கள். பக்கத்தில் நகர மன்றம், 1873இல் திறந்தது. அதன் மணிக்கூண்டு ஃபிளாரன்ஸ் நகரத்துக் கோபுரத்தைப் பார்த்துக் கட்டியது. 'லிட்டில் ஜெர்மனி' என்று ஒரு பகுதி முழுக்க ஜெர்மன் வணிகர்கள் எழுப்பிய கிடங்குகள். அவற்றின் முகப்புகள் அரண்மனை தோற்றுவிடும்.

காசின் மறுபக்கம் மானிங்ஹாம் மேட்டில் இருக்கிறது. லிஸ்டர் ஆலை. பட்டும் வெல்வெட்டும் நெய்த இடம். உச்சத்தில் 11,000 பேர் வேலை செய்தார்கள். புகைபோக்கியின் உயரம் 249 அடி. ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரிகிறது. 1890இல் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியதும் முதலாளி லிஸ்டர் கூலியைக் குறைத்தார். தொழிலாளர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், அந்தக் குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். 1891 ஏப்ரலில் தோற்றுத் திரும்பினார்கள். தோல்வி வீண்போகவில்லை. அந்தக் கோபத்திலிருந்து இரண்டே ஆண்டில், 1893 ஜனவரியில், இதே நகரத்தில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிறந்தது. ஆலை இப்போது அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. பால்கனிகளில் துணி காய்கிறது.

மைதானம் இதே மானிங்ஹாமில்தான். ஆலையிலிருந்து சரிவில் இறங்கினால் வந்துவிடும். கழகத்தின் வேரும் இங்கேதான், ஆனால் அது கால்பந்து வேர் இல்லை. மானிங்ஹாம் என்ற ரக்பி கழகம் 1886 முதல் வேலி பரேட் மைதானத்தில் ஆடி வந்தது. ரக்பி இரண்டாகப் பிரிந்து நார்தர்ன் யூனியன் உருவானபோது அதன் முதல் சாம்பியனே மானிங்ஹாம்தான். ஏழு ஆண்டில் காசு கரைந்து, கடனில் மூழ்கியது. 1903இல் நிர்வாகிகள் ரக்பியை விட்டுவிட்டுக் கால்பந்துக்கு மாறினார்கள். ரக்பி கோலோச்சும் இந்தப் பகுதியில் காலூன்ற இடம் தேடிக்கொண்டிருந்த கால்பந்து லீக், அணியே திரட்டாத கழகத்தை, ஒரு ஆட்டம்கூட ஆடாத கழகத்தை, நேராக இரண்டாம் டிவிஷனில் சேர்த்துக்கொண்டது. அதற்காக வெளியே அனுப்பப்பட்டது டான்காஸ்டர் ரோவர்ஸ். இப்படி ஆட்டத்துக்கு முன்பே லீக்கில் இடம் கிடைத்த கழகம் இதைத் தவிர செல்சீ மட்டும்தான்.

முதல் ஆட்டம் கிரிம்ஸ்பியில், 2-0 தோல்வி. பிறகு பீட்டர் ஒ'ரூர்க் மேலாளராகி அணியைக் கட்டினார். 1908இல் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். மேலே போன முதல் வருடம் கடைசி நாள்வரை இழுபறி. மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்றுதான் தப்பித்தார்கள். அடுத்த வருடம் ஏழாம் இடம். அதற்கடுத்தது 1910-11: லீக்கில் 45 புள்ளி, ஐந்தாம் இடம். மூன்றாம், நான்காம் இடத்தில் இருந்த சண்டர்லாந்துக்கும் எவர்டனுக்கும் அதே 45தான். கோல் விகிதத்தில்தான் வித்தியாசம். கோப்பையின் மூன்றாம் சுற்றில் வந்தது யார்? எட்டு வருடத்துக்கு முன் முதல் அடி கொடுத்த அதே கிரிம்ஸ்பி.

ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து கோப்பைக்கு எட்டு ஆண்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இரவு மானிங்ஹாம் சாலையில் ஒரு பாகிஸ்தானியர் கடையில் ரொட்டியும் ஆட்டுக்கறியும். ஆலைகளில் இரவு ஷிஃப்டுக்கு ஆள் தேவைப்பட்ட 1950கள், 60களில் மிர்பூரிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தத் தெருவில் இப்போது கடை நடத்துகிறார்கள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்ட கடைக்காரர் சட்டென்று "ஸ்பியர்ஸ்?" என்றார். அவர் மகன் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறானாம். கல்லாவுக்குப் பின்னால் அணியின் மஃப்ளர் தொங்கியது.

சனி, வேலி பரேட்

ஆட்ட நாள். மதியம் ஒரு மணியிலிருந்தே குறுகலான தெருக்களில் மக்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மலைச்சரிவை வெட்டி அமைத்த மைதானம் இது. ஒரு பக்கம் தெருவிலிருந்து கேலரிக்கு நேராக நுழையலாம், எதிர்ப்பக்கம் அதல பாதாளத்திலிருந்து மாடி மாடியாக ஏற வேண்டும். கிளாரெட் (கருஞ்சிவப்பு), ஆம்பர் (மஞ்சள்) என்ற இரண்டு நிறமும் மானிங்ஹாம் ரக்பி காலத்திலிருந்தே தொடர்கிறது. அந்த நிறச் சேர்க்கையைப் பார்த்துத்தான் 'பேன்டம்ஸ்', அதாவது சண்டைக் குட்டைச் சேவல்கள், என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

1908இல் மேல் டிவிஷனுக்கு வந்ததும் மைதானத்தைப் பெரிதாக்க அழைக்கப்பட்டவர் ஆர்ச்சிபால்ட் லீச். நேற்று முன்தினம் சொன்ன அதே ஆள். அவர் கட்டிய நின்று பார்க்கும் படிகளில்தான் 1911 மார்ச் 11 அன்று பர்ன்லியுடனான ஆட்டத்துக்கு 39,146 பேர் நெருக்கியடித்தார்கள். இந்த மைதானத்தில் அந்த எண்ணிக்கை அதன்பின் ஒருநாளும் முறியவில்லை, இனி முறியவும் வழியில்லை. இன்று இருக்கைகளோடு சேர்த்து சுமார் 25,000 பேருக்குத்தான் இடம்.

லீச் கட்டிய பிரதான கேலரி மரத்தாலானது. 1911 அணி சட்டை மாட்டி வெளியே வந்ததைப் பார்த்த கேலரி. 1985 மே 11, மூன்றாம் டிவிஷன் பட்டத்தைக் கொண்டாட வந்த கூட்டத்தின் கண்ணெதிரே, லிங்கன் சிட்டியுடன் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, பலகைகளுக்கு அடியில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பிடித்து, நான்கு நிமிடங்களுக்குள் முழுக் கேலரியும் எரிந்தது. 56 பேர் இறந்தார்கள். கழகத்தின் ஒரே பெரும் வெற்றிக்குச் சாட்சியாக நின்ற கட்டடமும் அன்றோடு போனது. நினைவுச் சின்னத்தின் முன் நின்ற ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். நானும் தொட்டேன்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியம்மா. எண்பதைத் தாண்டியிருப்பார். ஐம்பதுகளில் அப்பா கைப்பிடித்துக் கூட்டி வந்ததிலிருந்து வருகிறாராம். அவருடைய தாத்தா பர்ன்லி ஆட்டத்துக்கு வந்தவர். "பந்தைக் கண்ணாலேயே பார்க்கவில்லை, சத்தத்தை வைத்து கோல் என்று தெரிந்துகொண்டேன்" என்று தாத்தா சொல்வாராம். நான் ஈப்பர் போய்விட்டு வந்ததைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மஃப்ளர் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். அப்புறம் ஆட்டம் முடியும்வரை எனக்கு ஒவ்வொரு வீரரையும் அறிமுகப்படுத்திக்கொண்டே இருந்தார். இடைவேளையில் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். 2013இல் நான்காம் டிவிஷனில் இருந்துகொண்டே லீக் கோப்பை இறுதிவரை போய் வெம்ப்ளியில் ஸ்வான்சீயிடம் 5-0 என்று தோற்றதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னார். பெருமைக்குரியதுதான் அது.

ஸ்பியர்ஸின் கோப்பைப் பதக்கம் 2003இல் ஏலத்துக்கு வந்தபோது 26,000 பவுண்டுக்கும் மேல் போனது. அந்தத் தொகையைச் சொன்னபோது பெரியம்மா, அது குறைவு என்றார்.

ஞாயிறு, ஷெஃபீல்ட்

விமானம் நாளைக்குத்தான். ஒரு நாள் மிச்சம் இருந்ததால் லீட்ஸ் வழியாக ஷெஃபீல்ட் வந்தேன். பிரமால் லேன் மைதானத்தை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது, இன்று பூட்டியிருந்தார்கள். சுற்றி வந்துவிட்டு எதிரே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

1911 அரையிறுதி இங்கே நடந்தது. பிளாக்பர்னை 3-0 என்று வென்றார்கள். அந்தக் கோப்பை ஓட்டத்தில் பிராட்ஃபோர்டு ஒரு கோலுக்கு மேல் வித்தியாசத்தில் வென்ற ஆட்டம் இது ஒன்றுதான்.

அடுத்த வருடமும் அவர்கள் லேசில் விடவில்லை. கோப்பையைக் காப்பாற்றும் ஓட்டத்தில் செல்சீயை வென்றார்கள், உள்ளூர் எதிரியான பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூவை வென்றார்கள். ஒரு கோல்கூட விடவில்லை. நான்காம் சுற்றில் பார்ன்ஸ்லி. பார்ன்ஸ்லியில் 0-0. வேலி பரேட்டில் 0-0. லீட்ஸில் 0-0. நான்காவது முறையாக ஆட இங்கே, பிரமால் லேனுக்கு வந்தார்கள். அதற்குள் எஃப்.ஏ. கோப்பையில் தொடர்ந்து 12 ஆட்டங்கள் கோல் விடாமல் முடித்திருந்தார்கள். கோல்கீப்பர் மெல்லர்ஸின் பெயர் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று கதவு திறந்துவிட்டது. 3-2, பார்ன்ஸ்லிக்கு. அந்த வருடம் கோப்பையையும் பார்ன்ஸ்லியே எடுத்துக்கொண்டது, அதுவும் இறுதியில் வெஸ்ட் பிராமுடன் ஒரு 0-0க்குப் பிறகு, இதே பிரமால் லேனில் நடந்த மறு ஆட்டத்தில். பிராட்ஃபோர்டுக்கும் பார்ன்ஸ்லிக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. யார்க்‌ஷயரை விட்டு வெளியே போக அந்தக் கோப்பைக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.